எங்கே போய் வந்தீர்கள்?



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதால் பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுப் பற்றி எழுதியிருந்தேன். இம்மாதம் உங்களைக் கொஞ்சம் தூரம் அழைத்துப் போகிறேன். ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் உள்ள மொசாம்பிக் என்ற நாட்டுக்கு.

"எங்களுக்கும் அந்த நாட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கக் கூடும். மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக எம் நாட்டவர்கள் அங்கே போய் வருகிறார்கள். கருத்தரங்கு, பயிற்சி என்று பெண்களும் இப்போது ஆபிரிக்க நாடுகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். இதைவிட நெருக்கமான சம்பந்தமும் உண்டு. மொசாம்பிக் 1975 இல் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்றது. 1977 இல் தொடங்கிய உள்நாட்டுப் போர் 1992 ஒக்டோபரில் சமாதான உடன்படிக்கையோடுதான் முடிந்தது. புதைக்கப்பட்ட மிதிவெடிகளை அகற்றி முடிக்க 2015 வரை சென்றது. கணவனைத் தேடிய பெண்களும், காலை இழந்த பெண்களும், பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு ஓடிய பெண்களும் அங்கேயும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய சங்கங்களைப் பார்த்து வருவதற்காக 2023 ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு வடக்கிலிருந்து நால்வர் புறப்பட்டோம். மூவர் கிராம மாதர் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். நான்காவது ஆள் நான். பயண ஒழுங்குகள் முழுவதும் என் பொறுப்பு. நான் விட்ட ஒரு பிழையைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

வைத்தியரின் அறையில்

மொசாம்பிக்கில் மலேரியா ஆண்டு முழுவதும் உண்டு. அங்கே பெரும்பாலும் இருப்பது பல்சிபாரம் என்ற கடுமையான வகை. கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாட்களிலேயே மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கி ஆளைக் கொன்றுவிடும். வன்னியில் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எங்களில் பலர் விழுங்கிய அந்தக் கசப்புக் குளோரோகுயின் குளிசை அந்த வகைக்கு வேலை செய்யாது. ஆகையால் புறப்படுவதற்கு முன்பே தடுப்புக் குளிசை தொடங்க வேண்டும்.

இதற்காகக் கொழும்பில் ஒரு வைத்தியரிடம் போனோம். அவர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். கர்ப்பமா? வலிப்பு உண்டா? இருதய வருத்தம் உண்டா? மனவருத்தத்துக்கு, நித்திரைக்கு என்று எப்போதாவது குளிசை எடுத்தீர்களா? நால்வரும் ஒரே அறையில் ஒரே வாங்கில் இருந்தோம். கேள்விகளை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டேன். எல்லோரும் "இல்லை" என்றார்கள். நானும் "இல்லை" என்று மொழிபெயர்த்தேன். எங்களுக்கு மெஃபுளோகுயின் என்ற குளிசை தரப்பட்டது. வாரத்துக்கு ஒன்று. போவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகத் தொடங்கி, அங்கே இருக்கும் காலம் முழுவதும் எடுத்து, திரும்பி வந்த பின்னரும் நான்கு வாரம் எடுக்க வேண்டும்.

எங்களுடன் வந்த முல்லைத்தீவு அக்கா 2009 க்குப் பிறகு பல வருடங்களாக உளநலப் பிரிவில் மருந்து எடுத்தவர். இது எனக்குத் தெரியாது. மற்ற இருவருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அவர் "இல்லை" என்றார். மெஃபுளோகுயின் சிலருக்குப் பயங்கரக் கனவு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கும். மனவருத்தம் இருந்தவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் அதைக் கொடுப்பதில்லை. வைத்தியர் அந்தக் கேள்வியைக் கேட்டதே அதற்காகத்தான். உண்மை தெரிந்திருந்தால் வேறு மருந்து தந்திருப்பார். டொக்சிசைக்கிளின் உண்டு, அதைத் தினமும் சாப்பாட்டோடு நிறையத் தண்ணீர் விட்டு விழுங்க வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அடோவாகுவோன்-புரோகுவானில் என்ற மருந்தும் உண்டு. அது தினமும் ஒன்று, திரும்பி வந்து ஏழு நாட்களில் முடிந்துவிடும்.

அவரைத் தனியே கூப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டியவள் நான். சமூகவியல் படித்தவள், பத்து வருடமாக இந்த வேலை செய்பவள். ஆனாலும் அன்று நேரம் போகிறதே என்று அவசரப்பட்டேன்.

கதிரையும் குசினியும்

டோகா, ஜோகனஸ்பேர்க் வழியாகத் தலைநகர் மப்புட்டோவுக்குப் போய், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் பெய்ரா என்ற துறைமுக நகருக்குச் சென்றோம். 2019 மார்ச்சில் இடாய் சூறாவளி தாக்கிய ஊர் அது. நாங்கள் போவதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் பிரெடி என்ற சூறாவளி நாட்டின் வேறு பகுதிகளை இரண்டு தடவை தாக்கியிருந்தது. வாந்திபேதியும் பரவியிருந்தது. ஆகவே போத்தல் தண்ணீர் அல்லது கொதித்தாறிய தண்ணீர் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை, ஐஸ்கட்டி போட்ட பானம் தொடுவதில்லை, சூடாகச் சமைத்ததையே சாப்பிடுவது, பழமென்றால் தோலுரித்துச் சாப்பிடுவது என்று முதல் நாளே பேசிக் கொண்டோம். பல் துலக்கவும் அந்தத் தண்ணீர்தான். ஆளுக்குப் பத்துப் பக்கற் ஜீவனி கொண்டு போயிருந்தோம்.

மொழிதான் சிக்கல் என்று பயந்தோம். போர்த்துக்கேய மொழி பேசும் நாடு. ஆனால் முதல் நாளே ஓர் அதிசயம் நடந்தது. விடுதிப் பெண் இருக்கையைக் காட்டி "கதெய்ரா" என்றாள். எங்கள் கதிரை! சமையலறை "குசீன்யா", எங்கள் குசினி. சப்பாத்து, யன்னல், துவாய், பாண் எல்லாமே அவளுக்கும் ஏறக்குறைய அதேதான். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள் விட்டுப்போன சொற்கள் அல்லவா! அவற்றோடு இன்னும் நான்கு சொற்களைத் தாளில் எழுதி ஆளாளுக்குக் கொடுத்தேன். "அகுவா" தண்ணீர், "ஃபெப்ரெ" காய்ச்சல், "ஒஸ்பிட்டால்" ஆஸ்பத்திரி, "சொக்கோரு" காப்பாற்றுங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் இந்த நான்குக்கும் அந்த ஊர்ச் சொல்லை முதலில் கற்றுக் கொள்ளுங்கள்.

சாப்பாடும் பழகியதாகவே இருந்தது. மரவள்ளி இலையை இடித்து, நிலக்கடலைத் தூளும் தேங்காய்ப்பாலும் விட்டுக் காய்ச்சும் "மத்தாப்பா" என்ற கறியை எங்கள் ஆட்கள் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

போர் கற்றுத் தந்தவை

பாதுகாப்பு விடயத்தில் எங்கள் பெண்களுக்கு நான் பெரிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. பலதைப் போரே கற்றுத் தந்திருந்தது. ஒற்றையடிப் பாதையை விட்டு விலகி எவரும் கால் வைக்கவில்லை. நாடு மிதிவெடி இல்லாதது என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும் கைவிடப்பட்ட பழைய வெடிபொருட்கள் தப்பித்தவறிக் கிடக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பணத்தை மூன்று இடத்தில் பிரித்து வைத்தார்கள். கடவுச்சீட்டின் உறுதிப்படுத்திய பிரதியைக் கையிலும் மூலத்தை விடுதியில் பூட்டியும் வைத்தார்கள். அங்கே பொலிசார் வழியில் மறித்து அடையாளப் பத்திரம் கேட்பது சாதாரணம். இராணுவ முகாம், பாலம், அரச கட்டடம் ஆகியவற்றைப் படம் எடுக்கக் கூடாது என்றபோது மூவரும் சிரித்தார்கள். "அது எங்களுக்குத் தெரியாதே பிள்ளை!" என்றார் ஓர் அக்கா.

அறியாதவை சிலவும் இருந்தன. மப்புட்டோவிலும் பெய்ராவிலும் இருட்டிய பின் நடந்து போகக் கூடாது. கைப்பையையும் கைத்தொலைபேசியையும் பறிப்பவர்கள் உண்டு. "சப்பா" எனப்படும் சிற்றூர்திகளில் ஆட்களை அடைத்து ஏற்றுவார்கள். ஏறத்தான் வேண்டுமென்றால் பகலில் மட்டும். இரவில் நெடுஞ்சாலைப் பயணம் கூடவே கூடாது. விளக்கில்லாத லொறிகளும் குழிகளும் ஆடுமாடுகளும் தெருவில் நிற்கும். ஆற்றிலும் குளத்திலும் குளிக்கக் கூடாது. முதலை இருக்கலாம் என்பது ஒன்று. நன்னீர் நத்தையிலிருந்து வெளிவரும் புழு தோலைத் துளைத்து உள்ளே போய் உண்டாக்கும் பில்ஹார்சியா என்ற நோய் மற்றொன்று. நாய் கடித்தால், பிறாண்டினால் கூடச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே ஊசிக்குப் போக வேண்டும்.

வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்தில் 2017 ஒக்டோபரிலிருந்து ஆயுதக் குழுவின் தாக்குதல்கள் நடந்து வருகின்றன. அந்தப் பக்கமே நாங்கள் போகவில்லை. 2024 ஒக்டோபர் தேர்தலுக்குப் பிறகு நகரங்களில் பெரும் ஆர்ப்பாட்டங்கள் நடந்து பலர் உயிரிழந்தார்கள். ஆகவே எப்போது போனாலும், கூட்டம் கூடும் தெருவைக் கண்டால் வேடிக்கை பார்க்க நிற்காமல் திரும்பிவிட வேண்டும்.

இன்னொன்றையும் வெட்கப்படாமல் எழுத வேண்டும். மொசாம்பிக்கில் பெரியவர்களில் ஏறத்தாழ எட்டுப் பேரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருக்கிறது. கூடிச் சாப்பிடுவதாலோ கட்டிப்பிடிப்பதாலோ அது தொற்றாது. எங்களை வரவேற்ற பெண்களிலும் சிலருக்கு இருந்திருக்கலாம். நாங்கள் ஒரே தட்டில்தான் சாப்பிட்டோம். ஆனால் எந்த நாட்டிலாவது ஒரு பெண்ணுக்குப் பலாத்காரம் நடந்தால், 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கினால் இத்தொற்றைத் தடுக்கலாம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. அழுவதற்கும் யோசிப்பதற்கும் முதல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது இலங்கையிலும் பொருந்தும்.

நான் கவனிக்காதது

நாங்கள் தங்கியது பெய்ராவுக்குச் சற்று வெளியே டொண்டோ என்ற இடத்தில். அங்குள்ள சங்கத் தலைவியின் வீட்டில் ஒரு மாலைப் பொழுது கழிந்தது. பொழுது சாயும் நேரம் அவர் அடுப்பு மூட்டுவதற்கு முன்பு உள்ளே போய்ப் பிள்ளைகளின் நுளம்பு வலையைக் கட்டிவிட்டு வந்தார். மலேரியாவைப் பரப்பும் நுளம்பு பொழுதுபட்டதிலிருந்து விடியும்வரைதான் கடிக்கும். டெங்கு நுளம்பு போலப் பகலில் அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அன்றே கிராமச் சுகாதாரத் தொண்டரிடம் தூக்கிக் கொண்டு போவாராம். அவர் விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கால் மணித்தியாலத்தில் சொல்லி விடுவார். "நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்த தாய்மார் பிள்ளையைப் புதைத்தார்கள்" என்றார் அந்தத் தலைவி.

எங்கள் அறையிலும் மருந்தூட்டிய வலை இருந்தது. ஆனால் முல்லைத்தீவு அக்கா இரவுகளில் எழுந்து வெளி விறாந்தையில் இருப்பதைக் கண்டேன். "புழுக்கமாக் கிடக்குது பிள்ளை" என்றார். நம்பினேன். உண்மையில் புறப்படுவதற்கு முன்பு ஊரில் இரண்டு குளிசை, வந்த பின் ஒன்று என்று மூன்று விழுங்கியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் பிறகு பழைய கனவுகள் திரும்பி வந்தன. வட்டுவாகல் பாலம் கனவில் வந்தது என்று பிறகு சொன்னார். வருத்தம் திரும்பி விட்டது என்று பயந்து குளிசையை நிறுத்தினார். கனவுக்குப் பயந்து வெளியே இருந்தார். நுளம்பு கடித்தது.

மூன்று வாரம் கழித்து

திரும்பி வந்து மூன்று வாரம் போனது. காய்ச்சல் வந்தது, நடுக்கம், தலையிடி. பனடோல் போட்டார். இரண்டாம் நாள் ஒரு தனியார் வைத்திய நிலையத்துக்குப் போனார். டெங்கு என்று பார்த்தார்கள், இல்லை. "எங்கேயாவது தூரப் பயணம் போய் வந்தீர்களா?" என்று கேட்டார்களாம். "இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்து விட்டார்.

மூன்றாம் நாள் தற்செயலாக நான் தொலைபேசி எடுத்தேன். பேச்சுக் குழறியது. வாகனம் பிடித்து அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வாசலிலேயே தாதியிடம், "இவர் ஆபிரிக்காவுக்குப் போய் வந்தவர், மலேரியா பாருங்கள்" என்று சொன்னேன். உடனே இரத்தம் எடுத்தார்கள். பல்சிபாரம் மலேரியா. இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்று வைத்தியர் தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை.

கடவுள் புண்ணியத்தில் பிழைத்துக் கொண்டார். கட்டிலருகில் இருந்து, "ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கையிருந்து வாறாய் எண்டு கேட்டவைக்கு நாங்கள் எப்ப பிள்ளை உண்மை சொன்னனாங்கள்? செக்பொயின்ரிலை கேட்டாங்கள், முகாமிலை கேட்டாங்கள். உண்மை சொன்ன சனம் பட்டபாடு உனக்குத் தெரியும்தானே. அந்தக் கேள்வியைக் கேட்டாலே வாய் தன்ரை பாட்டிலை இல்லை எண்டு சொல்லுது."

எனக்குப் பேச்சு வரவில்லை.

இலங்கையில் 1999 இல் மட்டும் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமானோருக்கு மலேரியா வந்தது. சுதேச மலேரியாவின் கடைசி நோயாளி காணப்பட்டது 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எம் நாட்டை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. ஆனால் மலேரியாவைப் பரப்பக் கூடிய நுளம்புகள் எங்கள் ஊர்களில் இன்றும் இருக்கின்றன. நோயோடு வந்த ஒருவரைக் கடித்த நுளம்பு அயல் வீட்டுப் பிள்ளையையும் கடிக்கலாம். ஆகவே அக்காவின் அயலில் இரத்தம் பரிசோதித்தார்கள், மருந்து விசிறினார்கள். "ஊருக்கு நோய் கொண்டு வந்தவள்" என்று சிலர் கதைத்தார்கள். குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய், இது நுளம்பால் வருவது, அவரைத் தொட்டால் வராது, அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் ஊர் தப்பியது என்று விளங்கப்படுத்தினார். இப்போது கதை அடங்கி விட்டது. அக்கா உளநலப் பிரிவுக்கு மறுபடி போகத் தொடங்கியிருக்கிறார். "எழுது பிள்ளை, பேரை மட்டும் போடாதை" என்று அவர் சொன்ன பிறகே இதை எழுதினேன்.

போகிறவர்களுக்கும் அனுப்புகிறவர்களுக்கும்

1. மலேரியா உள்ள நாட்டுக்குப் போவதென்றால் ஒரு மாதம் முன்பே மலேரியாத் தடுப்பு இயக்கத்தை நாடுங்கள். தலைமையகம் கொழும்பு நாரஹேன்பிட்டியில். எங்கள் மாவட்டங்களிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. தடுப்புக் குளிசையும் இரத்தப் பரிசோதனையும் இலவசம்.

2. எதியோப்பியா, கென்யா போன்ற நாடுகளுக்கூடாக விமானம் மாறினால் மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கப்படலாம். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் போடலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். ஒரு தடவை போட்டால் வாழ்நாள் முழுவதும் செல்லும்.

3. வைத்தியரிடம் தனியே பேச வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. கர்ப்பம், வலிப்பு, மனவருத்தம், எடுக்கும் மருந்துகள் எதையும் மறைக்க வேண்டாம். கூட்டிப் போகும் உத்தியோகத்தர்களே, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மொழிபெயருங்கள்.

4. குளிசை ஒத்துக் கொள்ளாவிட்டால் தானாக நிறுத்தாமல் சொல்லுங்கள். வேறு மருந்து இருக்கிறது. ஊருக்கு வந்ததும் முடிந்தது என்று விடவும் கூடாது.

5. நீரிழிவு, அழுத்தம் உள்ளவர்கள் மருந்தைச் சீட்டோடு கைப்பையில் வைத்திருங்கள். பெட்டி தொலைந்தாலும் மருந்து தொலையாது. பயணத்தில் மலசலகூடம் இல்லையென்று தண்ணீர் குடியாமல் இருக்க வேண்டாம்.

6. பொழுதுபட்டால் நீண்ட கை, நீண்ட பாவாடை, நுளம்புக் களிம்பு, வலை. நித்திரை வராவிட்டாலும் வலைக்குள் இருங்கள்.

7. திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. குளிசையை ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.

சகோதரிகளே, "எங்கே போய் வந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பயம் ஒரு காலத்தில் எங்கள் உயிரைக் காத்தது. அதே பயம் இந்த அக்காவின் உயிரை எடுக்கப் பார்த்தது. சோதனைச்சாவடியில் கேட்டவருக்கும் ஆஸ்பத்திரியில் கேட்பவருக்கும் நோக்கம் ஒன்றல்ல. காய்ச்சலோடு போகும்போது வைத்தியர் கேட்டால் சொல்லுங்கள். கேட்க மறந்தால் நீங்களாகவே சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.